ஒரே ஊசியில் ஜவ்வு சரியாகுமா? முழங்கை வலியும் மைக்ரோ ஆர்என்ஏவும்

இழைப்புளி:

வணக்கம். காரைக்குடிப் பக்கம் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். வயது 52. ஏழு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. திருப்புளி முறுக்கினால் சுரீர் என்கிறது. இப்போதெல்லாம் டீ டம்ளரைத் தூக்கினாலே அந்த இடத்தில் ஊசி குத்துகிறது. முதலில் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவி விட்டார்கள், அது மூன்று நாள் தாங்கியது. அப்புறம் எலும்பு டாக்டர் பார்த்து "டென்னிஸ் எல்போ" என்றார். நான் வாழ்க்கையில் டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை. ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டார். இரண்டு மாதம் சொர்க்கம். மூன்றாம் மாதம் வலி முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மைத்துனர் மகன் ஒரு செய்தி அனுப்பினான். குதிரைக்குப் போட்டுக் குணமான ஒரு மைக்ரோ ஆர்என்ஏ ஊசி மனிதருக்கும் வந்துவிட்டதாம், ஒரே ஊசியில் ஜவ்வு புதிதாக வளருமாம். விசாரித்தால் ஒரு பெரிய ஊரில் ஒரு கிளினிக்கில் "மைக்ரோ ஆர்என்ஏ நிறைந்த எக்ஸோசோம்" என்று 40,000 ரூபாய் கேட்கிறார்கள். பணம் புரட்டிவிடலாம். ஆனால் இது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தக் கைதான் எனக்குச் சோறு.

தூக்கம் வராதவன்:

அண்ணே, டென்னிஸ் ஆடாமல் டென்னிஸ் எல்போ வந்தவர்களில் நீங்கள் பெரிய ஆள் கூட்டணியில் இருக்கிறீர்கள். 2004இல் சச்சினுக்கு வந்து தேசமே முழங்கை எலும்பியல் படித்தது ஞாபகம் இருக்கிறதா? மறு வருடம் லண்டனில் அறுவை சிகிச்சை வரை போனார். கனமான மட்டைதான் காரணம் என்று எங்கள் தெருவில் ஒரு நிபுணர் குழுவே முடிவு செய்திருந்தது.

ஒரு சந்தேகம்: மைக்ரோ ஆர்என்ஏ என்றால் கொரோனா தடுப்பூசியில் இருந்ததே, அதுவா?

ஆய்வகத் தூசி:

அது வேறு, இது வேறு. மூலக்கூறு உயிரியலில் ஆய்வு செய்கிறேன். தசைநாண் என் நேரடித் துறை இல்லை, ஆனால் மைக்ரோ ஆர்என்ஏவோடுதான் தினமும் மல்லுக்கட்டு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். நம் ஊரில் "ஜவ்வு" என்றும் "நரம்பு" என்றும் சொல்வது பெரும்பாலும் நரம்பு இல்லை. தசையை எலும்போடு கட்டும் கயிறு தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது தசைநார். இழைப்புளி அண்ணாவுக்குப் பழுதானது தசைநாண், அதாவது மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசை முழங்கை எலும்பில் கட்டப்பட்டிருக்கும் இடம்.

அடுத்து ஆர்என்ஏ. அண்ணா, உங்கள் பட்டறையை வைத்தே சொல்கிறேன். பெரிய வரைபடம் உங்கள் மேசையிலேயே இருக்கும். ஆசாரிக்கு ஒரு துண்டுச் சீட்டில் அளவை எழுதிக் கொடுப்பீர்கள். வரைபடம் டிஎன்ஏ, சீட்டு எம்ஆர்என்ஏ. கொரோனா தடுப்பூசியில் இருந்தது அந்தச் சீட்டு. மைக்ரோ ஆர்என்ஏ சீட்டே இல்லை. சுமார் 22 எழுத்து நீளமுள்ள ஒரு சின்னத் துணுக்கு. சீட்டின் வால் பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் அந்தச் சீட்டை யாரும் படிக்க மாட்டார்கள், அல்லது அது கிழித்துப் போடப்படும். எந்தப் பொருளை எவ்வளவு குறைத்துச் செய்வது என்று செல் இப்படித்தான் கட்டுப்படுத்துகிறது. வரைபடத்தில் அது கை வைப்பதில்லை. அதனால் "மரபணுவை மாற்றிவிடும்" என்ற பயம் வேண்டாம்.

1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டுபிடித்தார்கள். புழுவின் தனிப்பட்ட விசித்திரம் என்று உலகம் ஏழு வருடம் கண்டுகொள்ளவில்லை. 2000இல் மனிதன் வரைக்கும் பொதுவான இன்னொன்று கிடைத்த பிறகுதான் எல்லோரும் ஓடி வந்தார்கள். 2024 மருத்துவ நோபல் அந்த இருவருக்கும்தான்.

தசைநாணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன். செண்ட்ரிஃப்யூஜ் நின்றுவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

சந்தேகப் பிராணி:

அடுத்த பதிவு வரும் முன் ஒன்று: இழைப்புளி சார், அந்த 40,000ஐ இப்போதைக்குப் பீரோவிலேயே வையுங்கள்.

ஆய்வகத் தூசி:

வந்துவிட்டேன்.

நல்ல தசைநாண் பெரும்பாலும் கொலாஜன் 1 என்ற புரதத்தால் ஆனது. தேர் வடம் மாதிரி. இழைகள் ஒரே திசையில், இறுக்கமாக. காயம் பட்டவுடன் உடல் அவசரத்துக்குக் கொலாஜன் 3 என்ற மெல்லிய வகையை அள்ளிப் போட்டு ஒட்டுப்போடுகிறது. வடம் அறுந்த இடத்தில் வாழைநாரால் கட்டுவது போல. தற்காலிகத்துக்குச் சரி. அந்த வாழைநார் போகாமல் அங்கேயே தங்கிவிட்டால்தான் தொல்லை. தசைநாண் தடிக்கும், தளரும், பாரம் தாங்காது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நீல் மில்லர் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் பிடித்தது. காயம் பட்ட செல்கள் ஐஎல்-33 என்ற ஒரு பொருளை அபாயச் சங்கு மாதிரி ஊதுகின்றன. அந்தச் சங்கு ஒலித்ததும் தசைநாண் செல்களில் மிர்-29ஏ என்ற மைக்ரோ ஆர்என்ஏவின் அளவு விழுகிறது. மிர்-29ஏயின் வேலைகளில் ஒன்று கொலாஜன் 3இன் சீட்டை அடக்கி வைப்பது. காவல்காரன் போனதும் வாழைநார் உற்பத்தி தாறுமாறாகிறது.

சரி, அப்படியானால் மிர்-29ஏயை வெளியிலிருந்து ஊசியில் கொடுத்தால் கொலாஜன் 3 குறையுமே? குறையும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் வந்திருக்க வேண்டும். கொலாஜன் 1இன் சீட்டிலும் மிர்-29ஏ ஒட்டும் இடம் உண்டு. வாழைநாரை நிறுத்தப்போய் வடத்தையும் சேர்த்து நிறுத்தினால் என்ன பயன்?

அவர்கள் கண்டதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தசைநாண் செல்கள் கொலாஜன் 1 சீட்டைப் பெரும்பாலும் வாலை ஒட்ட நறுக்கிவிட்டுத்தான் வெளியே அனுப்புகின்றன. மிர்-29ஏ பிடிக்க வேண்டிய இடம் அந்த வெட்டுப்பட்ட வாலில்தான் இருந்தது. கொலாஜன் 3 குடுமி வைத்தவன், பிடிபடுகிறான். கொலாஜன் 1 மொட்டை போட்டுக்கொண்டவன், எதைப் பிடிப்பது? ஆக ஒரே மருந்து, வேண்டாததை மட்டும் குறைக்கிறது. மருந்தியலில் இப்படி இயற்கையே வழிவிட்டு நிற்பது அபூர்வம்.

தூக்கம் வராதவன்:

குடுமி உவமைக்கு ஒரு விசில். என் தூக்கத்தை மேலும் கெடுத்துவிட்டீர்கள்.

கொம்பும் குளம்பும்:

கால்நடை மருத்துவன் நான். குதிரை என்றதும் மூக்கு வியர்த்துவிட்டது.

அந்தக் குதிரைச் செய்தி பொய் இல்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். மில்லர் குழுவும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களும் சேர்ந்து 2017இல் வெளியிட்டது அது. 17 குதிரைகள். முன்னங்காலின் பின்புறம் ஓடும் மேல்தசைநாணில் வேண்டுமென்றே காயம் உண்டாக்கி, ஒரு வாரம் கழித்து அந்தக் காயத்துக்குள்ளேயே மிர்-29ஏ ஊசி போட்டார்கள், அல்லது வெறும் போலி மருந்து. எதற்கு எது போடப்பட்டது என்பது அளந்தவர்களுக்குத் தெரியாது. மிர்-29ஏ போட்டவற்றில் கொலாஜன் 3 சீட்டு குறைந்தது, கொலாஜன் 1இல் சொல்லும்படியான மாற்றம் இல்லை. தூசி சொன்ன மொட்டைக் கதை அப்படியே குதிரையிலும் நடந்திருக்கிறது. காயத்தின் பரப்பு சுருங்கியது, நுண்ணோக்கியில் பார்த்த திசுவும் மேம்பட்டிருந்தது.

எலியை விட்டுவிட்டு ஏன் குதிரை என்று கேட்பீர்கள். பந்தயக் குதிரை முழு வேகத்தில் ஓடும்போது அந்தத் தசைநாண் 16 விழுக்காடு வரை நீள்வதாக அளந்திருக்கிறார்கள். ஏறக்குறைய அறுபடும் எல்லையிலேயே அது தினமும் வேலை செய்கிறது. ஒருமுறை போனால் ஒன்பது மாதம், ஒரு வருடம் ஓய்வு. திரும்ப ஓடவிட்டால் அதே இடத்தில் மறுபடி கிழிவது மிகச் சாதாரணம். நான் கையால் தடவிப் பார்த்த சில கால்களில் அந்த இடம் வில் மாதிரி வளைந்து வீங்கியிருக்கும். மனிதனின் குதிகால் தசைநாணுக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் வேறு விலங்கில் கிடையாது.

இன்னொன்று, குதிரைக்கு நம்பிக்கை கிடையாது. "விலை உயர்ந்த ஊசி, கட்டாயம் குணமாகும்" என்று அது நினைக்காது.

சந்தேகப் பிராணி:

கடைசி வரி அருமை. ஆனால் அந்த ஆய்விலேயே ஓட்டை இருக்கிறது. இரண்டு ஓட்டை.

ஒன்று, காயம் உண்டாக்கி ஒரு வாரத்தில் ஊசி. இழைப்புளி சாருக்கு ஏழு மாதம் ஆகிறது. தலைப்பிலேயே அவர்கள் "ஆரம்பக் காயம்" என்றுதான் எழுதினார்கள். 2015 ஆய்விலும் ஐஎல்-33 எகிறியிருந்தது ஆரம்ப நிலைத் திசுவில்தான், கிழிந்து முற்றிய திசுவில் அப்படி இல்லை. சங்கு ஊதி முடிந்து, ஊரே காலியான பிறகு காவல்காரனைத் திரும்ப அனுப்பி என்ன பயன்?

இரண்டு, வேண்டுமென்றே உண்டாக்கிய காயமும் வருடக்கணக்கில் தேய்ந்து உண்டானதும் ஒன்றா? கோபன்ஹேகனில் ஒரு அழகான வேலை செய்தார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிர்வீச்சுக் கரிமம் கூடியது. அந்த ஆண்டுகளில் வளர்ந்தவர்கள் உடலில் அது தேதி முத்திரை மாதிரி பதிந்துவிட்டது. அதை வைத்துப் பார்த்தால் நல்ல குதிகால் தசைநாணின் நடுப்பகுதி உயரம் வளரும் பருவத்தோடு கட்டி முடிந்துவிடுகிறது, பிறகு ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை (2013). ஆனால் நோயுற்ற தசைநாணில் கொலாஜன் பல ஆண்டுகளாகவே அளவுக்கு மீறி மாற்றிக் கட்டப்பட்டு வந்திருக்கிறது (2018). வலி தெரியும் நாளில் கதை பாதி முடிந்திருக்கிறது. அங்கே ஒரே ஊசி எதைத் திருத்தும்?

ஆய்வகத் தூசி:

சந்தேகம் நியாயம், மறுக்கவில்லை. ஒன்று மட்டும்: முற்றிய தசைநாணும் செத்த கயிறு இல்லை. நீங்கள் சொன்ன 2018 ஆய்வே அதில் கட்டுவதும் இடிப்பதும் ஓயாமல் நடக்கிறது என்கிறது. ஓயாத இடத்தில்தான் மேஸ்திரிக்கு வேலை. எந்த அளவுக்கு என்பதை மனிதர்களிடம் பார்த்துத்தான் சொல்ல முடியும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்த காஸ்வே தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம் அதற்காகவே மனிதச் சோதனைக்கு இறங்கியது. மருந்தின் பெயர் டெனோமிர். எடுத்துக்கொண்ட நோய் எது தெரியுமா? இழைப்புளி அண்ணாவின் நோயேதான், டென்னிஸ் எல்போ. முதல் கட்டம் என்பதால் சிறிய சோதனை, பாதுகாப்பைப் பார்ப்பதே முதல் நோக்கம். கடையில் வாங்கும் மருந்தாக அது வரவில்லை. டெனோமிர் மட்டும் இல்லை, எந்த நோய்க்கும் ஒரு மைக்ரோ ஆர்என்ஏ மருந்துகூட இன்னும் ஒப்புதல் பெற்றதில்லை. முப்பது வருடத்துக்கு மேலான துறைக்கு இது கொஞ்சம் வெட்கமான கணக்குதான்.

ஏன் இவ்வளவு தாமதம் என்றால், ஒரு மைக்ரோ ஆர்என்ஏ ஒரே சீட்டைப் பிடிக்காது. நூற்றுக்கணக்கான சீட்டுகளைப் பிடிக்கும். மிர்-34ஏயைப் புற்றுநோய்க்காக ரத்தத்தில் ஏற்றிப் பார்த்த ஒரு சோதனை, நோய் எதிர்ப்பு மண்டலம் கடுமையாகக் கொந்தளித்ததால் 2016இல் நிறுத்தப்பட்டது. அது துறையையே உலுக்கியது. தசைநாணுக்கு இந்த விஷயத்தில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. ரத்த ஓட்டம் குறைவு என்று நாம் குறை சொல்லும் அதே இடம், மருந்தை உடம்பு முழுக்கப் பரப்பாமல் அங்கேயே ஊசியால் வைக்க வசதி. ஸ்கேன் பார்த்துக்கொண்டே சரியான இடத்தில் இறக்கலாம், அளவும் கொஞ்சம் போதும்.

வேறு மைக்ரோ ஆர்என்ஏக்களும் களத்தில் உண்டு. ஹிரோஷிமாவில் மிர்-210ஐ எலியின் குதிகால் தசைநாணில் போட்டு ஆறும் வேகத்தைப் பார்த்தார்கள். சீனாவின் நான்டோங்கில் கை அறுவை சிகிச்சைக் குழு ஒன்று, தைத்த விரல் தசைநாண் அக்கம்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் செயற்கை மைக்ரோ ஆர்என்ஏக்களைக் கோழிக் கால்களில் வருடக்கணக்காகச் சோதிக்கிறது. ஆனால் குதிரை வரைக்கும், மனிதன் வரைக்கும் ஒரே கோட்டில் வந்தது என்றால் எனக்குத் தெரிந்து மிர்-29ஏ மட்டும்தான்.

இழைப்புளி:

தம்பி, சீட்டு விளக்கம் நன்றாகப் புரிந்தது. என் பட்டறை ஆசாரிக்கும் படித்துக் காட்டினேன், "அப்ப அந்த மைக்ரோங்கிறது முதலாளி பேச்சைக் கேக்காத மேஸ்திரியா" என்றார். அப்படியானால் 40,000 ரூபாய் கிளினிக்கில் கொடுப்பது என்ன? அவர்களும் மைக்ரோ ஆர்என்ஏ என்றுதானே சொல்கிறார்கள்? அங்கே போய்க் குணமான இரண்டு பேர் பேசும் வீடியோவும் அனுப்பினார்கள். ஒருவர் என்னை மாதிரி மரவேலைக்காரர்.

ஆய்வகத் தூசி:

எக்ஸோசோம் என்பது செல்கள் வெளியே துப்பும் நுண்ணிய குமிழி. அதற்குள் மைக்ரோ ஆர்என்ஏ இருப்பது உண்மை. ஆனால் ஒன்றா, நூறா, எந்த எண், எவ்வளவு? எந்தச் செல்லிலிருந்து எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். மிர்-29ஏ ஊசி என்றால் ஒரே மூலக்கூறு, ஆய்வகத்தில் கட்டியது, அளந்து போட்டது. இது கதம்பம். "வைட்டமின் சி மாத்திரையும் பழக்கடையும் ஒன்று" என்பது போன்ற பேச்சு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எந்த எக்ஸோசோம் பொருளுக்கும் ஒப்புதல் கொடுக்கவில்லை என்று 2019 டிசம்பரிலேயே பொது எச்சரிக்கை விட்டிருந்தது.

அவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "சிடிஆர்ஐ எண் என்ன?" இந்தியாவில் மருந்துச் சோதனை எதுவானாலும் சிடிஆர்ஐ என்ற பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும், 2009இலிருந்து அது கட்டாயம். எண் கொடுத்தால் இணையத்தில் நீங்களே பார்க்கலாம். சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு கேட்டாலே எனக்கு மூக்கில் வாடை அடிக்கும்.

சந்தேகப் பிராணி:

வீடியோ விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் 165 டென்னிஸ் எல்போ நோயாளிகளை வைத்து ஒரு சோதனை, 2013இல் வெளியானது. சிலருக்கு ஸ்டீராய்டு, சிலருக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. ஒரு வருடம் கழித்து நன்றாகக் குணமானவர்கள் ஸ்டீராய்டு பக்கம் 83 விழுக்காடு. உப்புத் தண்ணீர் பக்கம் எத்தனை? 96. வலி திரும்ப வந்தது ஸ்டீராய்டில் 54 விழுக்காட்டினருக்கு, உப்புத் தண்ணீரில் 12 பேருக்கு, நூற்றுக்கு. இழைப்புளி சாரின் மூன்றாம் மாதம் அந்த 54இல் ஒன்று.

இப்போது அந்த 96ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உப்புத் தண்ணீரை 40,000 ரூபாய்க்கு விற்றாலும் வருடக் கடைசியில் "எனக்குக் குணமாச்சு" என்று வீடியோவில் பேச நூற்றுக்கு 96 பேர் கிடைப்பார்கள். மரவேலைக்காரரும் அதில் இருப்பார். பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே குணமாகியிருப்பார்.

மிர்-29ஏக்கும் இதுதான் மலை. தானாகவே ஆறக்கூடிய நோயில், மருந்து கூடுதலாக ஏதாவது செய்தது என்று நிரூபிப்பது லேசில்லை.

மதுரை பிசியோ:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், யாராவது பயிற்சியைப் பற்றிப் பேசுவார்கள் என்று. ஆர்என்ஏ வரும்போது வரட்டும். இழைப்புளி சார், முதலில் மூன்று கேள்வி. சுகர் இருக்கிறதா? சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா? வலி வந்த பிறகு கைக்கு முழு ஓய்வு கொடுத்துவிட்டீர்களா, இல்லை வேலையை அப்படியே தொடர்கிறீர்களா?

சுகர் தசைநாணை விறைக்க வைக்கும். அந்த ஆன்டிபயாட்டிக் தசைநாணையே அறுக்கக்கூடியது, 2008இலிருந்து அமெரிக்காவில் அட்டையிலேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை. முழு ஓய்வு, முழு வேலை இரண்டுமே தப்பு. தசைநாண் செல்லுக்குப் பாரம்தான் பாஷை. இழுவை வந்தால்தான் இழையை எந்தத் திசையில் போடுவது என்று அதற்குத் தெரியும். எந்த ஊசி போட்டாலும் கடைசியில் இந்த வேலையைப் பாரம்தான் செய்ய வேண்டும்.

ஸ்வீடனில் ஹாக்கன் ஆல்ஃப்ரெட்சன் என்று ஒரு எலும்பு மருத்துவர். அவருக்கே குதிகால் தசைநாண் வலி. அறுவை சிகிச்சை கேட்டார், மேலதிகாரி மறுத்துவிட்டார். கோபத்தில், "அறுந்தே போகட்டும், அப்போது செய்துதானே ஆக வேண்டும்" என்று வலியோடு குதிகாலைப் பாரத்தில் இறக்கி இறக்கிப் பயிற்சி செய்தார். அறுபடவில்லை. வலி போய்விட்டது. 1998இல் 15 பேரை வைத்து அதை வெளியிட்டார்: நாளுக்கு 180 தடவை, 12 வாரம். எங்கள் தொழிலில் இதைச் சொல்லாத வகுப்பே கிடையாது.

உங்களுக்கு: முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்பைத் தாண்டி இருக்கட்டும். கையில் அரைக் கிலோ. இடது கையால் வலது மணிக்கட்டைத் தூக்கிவிட்டு, வலது கையால் மட்டும் மெதுவாக, ஐந்து எண்ணும் வரை இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று. வலி பத்துக்கு மூன்று, நான்கு வரை பரவாயில்லை. மறுநாள் காலையில் கூடியிருந்தால் பாரத்தைக் குறையுங்கள். திருப்புளிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள், பிடி பெரிதானால் இழுவை குறையும்.

இழைப்புளி:

சுகர் கொஞ்சம் உண்டு அம்மா, மாத்திரையில் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் இல்லை. வேலையை நிறுத்தவே இல்லை, அதுதான் உண்மை. கிளினிக்கில் எண் கேட்கிறேன்.

(ஆறு வாரம் கழித்து)

இழைப்புளி:

இந்தப் பழைய விவாத இழையை மேலே கொண்டு வருவதற்கு மன்னிக்கவும். கிளினிக்கில் சிடிஆர்ஐ எண் கேட்டேன். "அதெல்லாம் வெளிநாட்டு நோயாளிகளுக்கு" என்றார்கள். போனை வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் 40,000, 28,000 ஆனது. அதற்கும் போகவில்லை.

பிசியோ அம்மா சொன்ன பயிற்சி ஆறாவது வாரம். அரைக் கிலோவுக்குச் சின்னச் சுத்தியல் தலையைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். டீ டம்ளர் இப்போது பிரச்சினை இல்லை. திருப்புளி பரவாயில்லை. இழைப்புளியைத் தள்ளினால் மட்டும் பத்தாவது தள்ளலில் வலி வருகிறது.

மதுரை பிசியோ:

ஒரு கிலோவுக்குப் போகலாம் சார். இழைப்புளிக்கு இன்னும் ஆறு வாரம் தம்பிமார் யாராவது இருக்கட்டும்.

சந்தேகப் பிராணி:

வாழ்த்துகள். பயிற்சியால் குணமாகிறதா, அந்த 96இல் நீங்களும் ஒருவரா என்று கேட்டால் அடிக்க வருவீர்கள், கேட்கவில்லை.

இழைப்புளி:

கேட்டுவிட்டீர்களே சார். எதுவானாலும் 40,000 பீரோவில்தான் இருக்கிறது. தூசித் தம்பி, அந்த ஸ்காட்லாந்து ஊசியின் அடுத்த கட்ட முடிவு வந்தால் இங்கேயே போடுங்கள். இடது முழங்கையும் லேசாக ஆரம்பித்திருக்கிறது. அது இன்னும் "ஆரம்பக் காயம்"தான்.